இடம் பெயராத களவு

ஒரு பொருள் தான் இருந்த இடத்தைவிட்டுச் சிறிதும் பெயராமல், உடையவரிடம் முன்போலவே முழுமையாக இருக்கும்போதே, அது களவாடப்பட்டது என்று சொல்ல முடியுமா என்னும் வினா, தருக்க நூலார் பொழுதுபோக்காக எழுப்பிய வினாவைப் போல முதற்பார்வையில் தோன்றும். ஆயினும் திருமண அழைப்பிதழ், விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ் ஆகியவற்றை வடிவமைத்து அச்சிட்டுக் கொடுத்துப் பிழைக்கும் ஒரு சிறிய அச்சகத்தின் உரிமையாளர், தம் கடைக்கு எந்த வரைகலை மென்பொருளை வைத்துக்கொள்வது என்று எண்ணத் தொடங்கிய உடனேயே இவ்வினாவுக்குள் நுழைந்துவிடுகிறார். வரைகலை மென்பொருள் என்பது எழுத்தையும் படத்தையும் கோட்டையும் வண்ணத்தையும் திரையில் ஒழுங்குபடுத்தி, அச்சு எந்திரம் ஏற்கும் கோப்பாக மாற்றித் தரும் கணினி நிரல். அதுவும் ஒரு கருவியே எனினும், உளியையும் சுத்தியலையும் போல ஒருவர் கையில் இருந்தால் மற்றவர் கையில் இராது என்னும் இயல்பு அதற்கில்லை. ஆயிரம் நகல் எடுத்தாலும் முதற்பொருள் தேய்வதில்லை. களவைப் பற்றிப் பழைய சமுதாயங்கள் வகுத்த விதிகளுள் பெரும்பகுதி ஆடு, மாடு, பொன், தானியம் என்று எடுத்தால் குறையும் பொருள்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. குறையாத பொருளின் முன் அவ்விதிகள் தடுமாறுகின்றனவா, அன்றி அவற்றுக்குள்ளேயே இதற்கும் விடை உண்டா என்பதே இங்கு ஆராயப்படுவது.

தமிழ்நாட்டுச் சிற்றச்சகங்களைப் பொறுத்தவரை, மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல் என்ற செயல் நெடுங்காலம் பெரும்பாலும் நிகழவேயில்லை என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட பேஜ்மேக்கர், 1989இல் கனடாவின் கோரல் நிறுவனம் வெளியிட்ட கோரல்டிரா, 1990இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட ஃபோட்டோஷாப் ஆகிய மூன்றும், ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிட்ட அச்சகங்கள் ஆஃப்செட்டுக்கும் கணினிக்கும் மாறிய காலத்தில், டி.டி.பி. (கணினிவழிப் பக்க அமைப்பு) என்ற பெயரோடு கடைகளுக்கு வந்து சேர்ந்தன. அவை வந்த வழி பெரும்பாலும் விற்பனை வழியன்று. கணினியின் பாகங்களை வாங்கிப் பொருத்திக் கொடுத்தவரே, விலைச்சீட்டில் ஒரு வரியும் சேர்க்காமல், இவற்றையும் 'போட்டுக்' கொடுத்தார். மென்பொருளின் பூட்டை உடைக்கும் 'கிராக்' எனப்படும் சிறுநிரலும் அதே குறுந்தகட்டில் இருந்தது. தமிழ் எழுத்துருக்களும் அவ்வாறே ஒரு கடையிலிருந்து மறு கடைக்குப் பரவின. பக்கத்துக் கடையில் இருப்பதே தம் கடையிலும் இருந்தால்தான் கோப்பு மாற்றிக்கொள்ளவும் வேலை தெரிந்த ஆளைப் பிடிக்கவும் இயலும் என்பதால், வேறொன்றை நினைத்துப் பார்க்கவே இடமில்லாமல் இருந்தது. தேர்வு இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை என்று ஒருவர் வாதிட்டால், அக்காலத்தைப் பொறுத்தவரை அவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிடுவது கடினம்.

சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1984இல் செய்யப்பட்ட திருத்தத்தின் வழியாகக் கணினி நிரலை இலக்கியப் படைப்புகளின் வரிசையில் சேர்த்தது. அதன் 63பி பிரிவு, உரிமை மீறிய நகல் என்று அறிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்துவோருக்கு ஏழு நாளுக்குக் குறையாத, மூன்று ஆண்டுவரை நீளக்கூடிய சிறைத்தண்டனையும் 50,000 ரூபாய்க்குக் குறையாத, இரண்டு லட்சம் ரூபாய்வரை உயரக்கூடிய அபராதமும் விதிக்கிறது. வருவாய்க்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தாதவருக்குச் சிறையை நீதிமன்றம் தவிர்க்கலாம் என்று அதே பிரிவு இரக்கம் காட்டுவதால், வீட்டில் பழகிப் பார்ப்பவரையும் கடை வைத்துப் பொருள் ஈட்டுபவரையும் சட்டமே வேறுபடுத்துகிறது. ஆனால் ஒரு செயல் தண்டனைக்குரியது என்பதால் மட்டும் அது களவாகிவிடாது. களவு எது என்பதைத் தண்டனைக்கு முன்பே சமயங்கள் ஆழமாக ஆராய்ந்துள்ளன.

பௌத்த இல்லறத்தார்க்குரிய ஐந்து சீலங்களுள் இரண்டாவது, கொடுக்கப்படாததை எடுத்தலிலிருந்து விலகி நிற்பது. பாலி மொழியில் அவ்வாறு எடுத்தலை அதின்னாதானம் என்பர். ஒரு செயல் முழுக் களவாவதற்கு ஐந்து உறுப்புகள் கூட வேண்டும் என்று தேரவாத உரைகாரர் வகுத்தனர்: பொருள் பிறருடையதாயிருத்தல், பிறருடையது என்று எடுப்பவர் அறிந்திருத்தல், களவு எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் பொருள் அகற்றப்படுதல். பூட்டுடைத்த மென்பொருளின் மீது இவ்வளவுகோலை வைத்துப் பார்த்தால் முதல் நான்கும் பொருந்துகின்றன. ஐந்தாவது பொருந்தவில்லை, ஏனெனில் அங்கே எதுவும் அகற்றப்படுவதில்லை. உரையின் சொல்லை அப்படியே பற்றிக்கொள்பவர், களவு இங்கு நிறைவுறவில்லை என்று முடிவு கட்டலாம். மென்பொருள் நகலெடுப்பைக் களவு என்று அழைப்பதே சொற்பிழை என வாதிடுவோர் இன்று சொல்வதும் ஏறத்தாழ இதுவே என்பதால், இதனை எளிதாகக் கடந்துபோவது நேர்மையாகாது.

எனினும் அதே மரபின் விநய பிடகத்தில், பிக்குகளுக்குரிய இரண்டாம் பாராஜிக விதியை, அதாவது மீறியவரைச் சங்கத்திலிருந்தே நீக்கிவிடும் கடுங்குற்றங்களுள் இரண்டாவதை, விளக்கும் இடத்தில் சுங்கச்சாவடியைப் பற்றிய ஒரு பகுதி உண்டு. சுங்கத்துக்குரிய சரக்கு ஐந்து மாசகமோ அதற்கு மேலோ மதிப்புடையதாக இருக்க (மாசகம் என்பது அக்கால நாணய அளவு), அதனைக் களவு எண்ணத்தோடு சுங்கம் செலுத்தாமல் எல்லை கடத்திச் செல்லும் பிக்கு பாராஜிகக் குற்றத்துக்கு ஆளாகிறார். கடத்தப்பட்ட சரக்கு அரசனுடையதன்று. அரசனின் கருவூலத்திலிருந்து ஒரு காசும் வெளியே போகவில்லை. வந்திருக்க வேண்டிய ஒன்று வரவில்லை என்பது மட்டுமே நிகழ்ந்தது. உள்ளதை எடுத்துச் செல்வதைப் போலவே உரியதைக் கொடுக்காமல் நழுவுவதும் களவின் ஒரு வகை என்று அம்மரபு ஏற்றுக்கொண்டிருப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. விலை கொடுத்து வாங்கும் வசதியே இல்லாதவரால் யாருக்கு இழப்பு என்று கேட்கப்படுவதற்கும் இங்கிருந்தே விடை காணலாம். சாவடியின் பக்கமே வராதவர் செலுத்த வேண்டியது ஒன்றுமில்லை. வழியைப் பயன்படுத்தி அக்கரைச் சந்தையில் சரக்கை விற்றுப் பொருளும் ஈட்டியவர், செலுத்தச் சொல்லியிருந்தால் தாம் வந்தே இருக்கமாட்டார் என்று சொல்வது, வந்த பிறகு பொருளற்றதாகிறது. அழைப்பிதழுக்குக் கூலி பெறும் அச்சகம் சந்தைக்குப் போய்வந்த அச்சகமே.

சமண மரபு இதே வினாவை இன்னும் கூர்மையான இடத்தில் தொடுகிறது. உமாசுவாதி இயற்றிய தத்துவார்த்த சூத்திரம் களவுக்குத் தரும் இலக்கணத்தில் அகற்றுதல் என்ற சொல்லே இல்லை; கொடுக்கப்படாததை எடுப்பது களவு என்பதோடு அது நின்றுவிடுகிறது. இழந்தவர் யார் என்று அது கேட்கவில்லை, கொடுத்தவர் யார் என்று கேட்கிறது; அதனால் குறையும் பொருள், குறையாப் பொருள் என்ற வேறுபாடு அங்கு எழவேயில்லை. ஆனால் இவ்வளவு விரிந்த இலக்கணம் தனக்கே ஒரு சிக்கலை உண்டாக்கிக்கொள்கிறது. யாருமே கையில் எடுத்துக் கொடுக்காத தெருவிலும் நகர வாயிலிலும் துறவி நடந்து செல்கிறாரே, அதுவும் கொடுக்கப்படாததை எடுத்தல் ஆகாதா என்னும் மறுப்பைத் தம் உரையாகிய சர்வார்த்தசித்தியில் பூஜ்யபாதர் எழுப்பி, தெருவும் வாயிலும் எல்லோருக்கும் பொதுவாக விடப்பட்டவை ஆகையால் குற்றமில்லை என்றும், அவ்வாறு விடப்படாத மூடிய கதவுகளுக்குள் துறவி நுழைவதில்லை என்றும் விடை கூறுகிறார். ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்தச் சிறு உரையாடலைவிடத் துல்லியமாக இன்றைய மென்பொருள் உலகத்தின் இரு பாதிகளைப் பிரித்துக் காட்டும் விளக்கம் கிடைப்பது அரிது.

பொதுவாக விடப்பட்ட தெருவுக்கு இணையானது கட்டற்ற மென்பொருள் எனப்படுவது. 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனூ திட்டத்திலிருந்து வளர்ந்த இக்கருத்தின்படி, ஒரு நிரலை எந்நோக்கத்துக்கும் இயக்கவும், அதன் மூலநிரலைப் படித்து மாற்றவும், நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கவும், மாற்றிய வடிவத்தைப் பரப்பவும் பயனருக்கு உரிமை உண்டு. மூலநிரல் என்பது மனிதர் படிக்கும்படி எழுதப்பட்ட நிரல் வடிவம். படத்தைத் திருத்த ஜிம்ப், கோட்டோவியம் வரைய இங்க்ஸ்கேப், பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ், தூரிகை ஓவியத்துக்குக் கிரிட்டா என்று அத்தெருவில் ஓர் அச்சகத்துக்கு வேண்டிய கருவிகள் பலவும் இன்று கிடைக்கின்றன. மூடிய கதவு எது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கதவைத் திறப்பதற்கென்றே செய்த சிறுநிரலுக்குக் 'கிராக்' என்று பெயர் வைத்தவர்களே கதவு மூடியிருந்தது என்பதற்குச் சான்று கூறிவிட்டனர்.

தத்துவார்த்த சூத்திரம் களவின் இலக்கணத்தோடு நிற்காமல், களவு செய்வதில்லை என்று அணுவிரதம் ஏற்ற இல்லறத்தாருக்கு ஐந்து அதிசாரங்களையும் எண்ணித் தருகிறது. அணுவிரதம் என்பது துறவியின் பெருவிரதத்தை இல்லறத்தார் தம் அளவுக்குச் சுருக்கி ஏற்பது. அதிசாரம் என்பது விரதத்தை முறிக்காவிடினும் அதில் கறை படியச் செய்யும் பிழை. பிறரைக் களவுக்கு ஏவுதல், களவுப் பொருளைப் பெற்றுக்கொள்ளுதல், அரசின் விதியை மீறி வாணிகம் செய்தல், அளவையிலும் நிறையிலும் ஏமாற்றுதல், போலிப் பொருளைக் கொண்டு வாணிகம் செய்தல் என்னும் ஐந்தும் வணிக வாழ்க்கையை நெருங்கிப் பார்த்தவர்களால் எழுதப்பட்டவை என்பதில் ஐயமில்லை. கணினி பொருத்தியவர் போட்டுக் கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்ட கடைக்காரர் தாம் எதையும் திருடவில்லை என்று சொல்வது உண்மையே. ஆனால் இரண்டாம் அதிசாரம் திருடியவரைப் பற்றியதன்று, பெற்றுக்கொண்டவரைப் பற்றியது.

தமிழ்ப் பனுவல்களுள் திருக்குறள் இச்செய்தியை வைத்திருக்கும் இடமே ஆராயத்தக்கது. கள்ளாமை என்னும் அதிகாரம் இல்லறவியலில் இல்லை. துறவறவியலில் இருபத்தொன்பதாம் அதிகாரமாக வருகிறது. இல்லறவியலில் இருப்பது பிறர் பொருளை விரும்பாமையைக் கூறும் வெஃகாமை. இந்த வைப்புமுறைக்குக் காரணம் கூற முற்பட்ட பரிமேலழகர், இல்வாழ்வார் தம் உறவினரோடு விளையாட்டாக அவர் அறியாமல் ஒன்றை எடுத்துக்கொள்வது பொறுத்துக்கொள்ளக் கூடியது என்றும், துறந்தார்க்கு அதனை எண்ணுவதே பெரும் இழுக்கு என்றும் வேறுபடுத்துகிறார். நட்பும் உறவும் உள்ள இடத்தில் எடுத்தலுக்கும் கொடுத்தலுக்கும் இடையிலுள்ள கோடு மங்கலாக இருப்பதை அவர் மறைக்கவில்லை. அண்டைக் கடைக்காரரிடமிருந்து எழுத்துருவை வாங்கிக்கொள்வதைத் தமிழ்நாட்டு அச்சகத்தார் களவென்று எண்ணாததற்கு இந்த மங்கலே காரணம் எனலாம். கைமாற்று வாங்குவது போல, தமர்க்குள் நடப்பது போல அது நடந்தது. ஆனால் அந்த எழுத்துருவை வரைந்தவர் அந்தத் தமர் வட்டத்துக்குள் இல்லை. ஒவ்வொரு வளைவையும் சுழியையும் பல மாதங்கள் இழைத்துத் தமிழ் எழுத்துக்கு உருவம் கொடுத்த கலைஞர், தம் எழுத்து ஊரெங்கும் பதாகைகளில் நிற்பதைப் பார்த்தும் பலன் ஏதும் பெறாமல் போனார் என்றால், அதை விளையாட்டு வகையில் சேர்ப்பதற்கு உரையாசிரியரின் சொல் இடம் தராது. தாம் வடிவமைத்த அழைப்பிதழை எதிர்க்கடைக்காரர் படியெடுத்து விற்கும்போது இதே அச்சகத்தார் படும் மனவேதனையை அருகில் இருந்து பார்த்தவருக்கு இது நன்கு விளங்கும். பிறர் பொருளையும் தம் பொருள்போல் எண்ணிச் செய்வதே வாணிகம் என்னும் கருத்து நடுவுநிலைமை அதிகாரத்தில் வைக்கப்பட்டிருப்பதும் அதனாலேயே பொருத்தமாகிறது.

இஸ்லாமியச் சட்டவியலில் தொட்டறியக் கூடியதே செல்வம் எனக் கொள்ளும் பழைய ஹனஃபிப் போக்கும், பயன்பாட்டையும் செல்வமாகக் கொள்ளும் பிற போக்குகளும் நெடுங்காலம் அருகருகே இருந்தன; 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை போன்ற உருவமற்ற உரிமைகளும் ஷரீஅத்தின் காப்புக்கு உரியவை என்று தீர்மானித்தது. வேறு வழியில் தொடங்கிய மரபும் இங்கே ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்து சேர்ந்தது என்ற அளவில் இதனைக் குறித்துச் செல்லலாம்.

இவ்வளவுக்கும் எதிராக நிற்கும் வலுவான வாதம் ஒன்று தமிழ் மரபுக்குள்ளேயே இருக்கிறது. கல்வியைச் செல்வங்களுள் தனியாக்கி, அது கொடுத்தாலும் குறையாது, கள்வராலும் கவரப்படாது என்று நீதிநூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மென்பொருளின் இயல்பும் இதுவே. அது நூலா, கருவியா என்று கேட்டால் இரண்டும்தான் என்றே சொல்ல வேண்டும். சட்டம் அதனை இலக்கியத்தோடு சேர்த்து எண்ணுவதும், கடைக்காரர் அதனை வெட்டும் எந்திரத்தோடு சேர்த்து எண்ணுவதும் தம்மளவில் சரியே. சரசுவதி பூசையும் ஆயுத பூசையும் ஒரே நாளில் கூடும் மரபில், நூல்களை அடுக்கி வைத்த பலகைக்கு அருகிலேயே எந்திரத்துக்கும் சந்தனமும் குங்குமமும் இடப்படுகின்றன. அச்சகத்துக் கணினியும் அன்று பொட்டு வைத்துக்கொள்கிறது. அக்கணினிக்குள் இருக்கும் நிரல் எந்தப் பக்கத்துக்கு உரியது? நூலென்றால் அறிவு எல்லோருக்கும் உரியது, அதனைப் பூட்டி வைத்தவரே பழிக்குரியவர் என்ற வாதம் உயிர்பெறுகிறது. கருவியென்றால் செய்தவருக்குக் கூலி உண்டு என்ற வாதம் உயிர்பெறுகிறது.

இவ்விரண்டையும் பிணக்கின்றி நிறுத்துவதற்கு ஒரு வழியே உண்டு. ஒரு பொருள் கொடுத்தாலும் குறையாது என்ற உண்மை, அதை வைத்திருப்பவர் கொடுக்க வேண்டும் என்பதற்குக் காரணமாகலாம். கொடுக்காதபோது மற்றவர் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்குக் காரணமாகாது. குறையாத செல்வத்தைப் பூட்டி வைப்பது கருமித்தனம் என்றால் அக்கருமித்தனத்துக்கு அவர் பொறுப்பு; எடுத்தவர் பொறுப்பு அதனால் கரைந்துவிடுவதில்லை. ஸ்டால்மனின் சிறப்பு இங்குதான் இருக்கிறது. மென்பொருளைப் பூட்டுவது தவறு என்று உறுதியாக நம்பிய அவர், பிறர் பூட்டை உடைப்பதைத் தம் இயக்கத்தின் வழியாகக் கொள்ளாமல், தாமே எழுதி, தாம் எழுதியதைத் திறந்து விட்டார். கல்வி குறையாது என்ற பழைய கருத்தை நிறைவேற்றுவது இவ்வகைக் கொடையே. களவு நகல் அக்கருத்தைக் கடன் வாங்கிக்கொண்டு அதன் கடமையை மட்டும் விட்டுவிடுகிறது.

களவு நகல் வேறொரு தீங்கையும் செய்தது. அதை நிகழ்ந்த வரலாற்றிலிருந்தே காணலாம். 1998இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேசிய பில் கேட்ஸ், சீனர் மென்பொருளுக்கு விலை கொடுப்பதில்லை என்பதைக் குறிப்பிட்டு, எடுப்பதாயின் தம் நிறுவனத்தினுடையதையே எடுக்கட்டும், பழகிவிட்டால் பிற்காலத்தில் வசூலிக்க வழி காணலாம் என்னும் பொருளில் சொன்னார். சாத்தாமல் வேண்டுமென்றே ஒருக்களித்து விடப்பட்ட கதவைப் பற்றிய கூற்று இது. அவ்வாறு விடப்பட்ட கதவைப் பொதுவாக விடப்பட்ட வாயில் என்று கொள்ளலாமா என்பது பூஜ்யபாதர் எதிர்கொள்ளாத கேள்வி. கொள்ள இயலாது என்பதே சரியான விடையாகும். நுழைபவரின் நலத்துக்காகத் திறந்து விடுவதற்கும் நுழைந்தவர் வெளியேற இயலாது என்ற கணிப்பில் திறந்து வைப்பதற்கும் உள்ள வேறுபாடு, கொடைக்கும் தூண்டிலுக்கும் உள்ள வேறுபாடு. அச்சகங்கள் விலையின்றி எடுத்ததாக எண்ணிய ஆண்டுகளில் அவை உண்மையில் விலை கொடுத்துக்கொண்டிருந்தன. ஒரு தலைமுறை வடிவமைப்பாளர் முழுவதும் இரண்டு மூன்று நிரல்களை மட்டுமே கற்று, வேறெதையும் தொட அஞ்சும் நிலை உருவாயிற்று. திறந்த தெருவில் நடந்து அதை மேலும் செப்பனிட்டிருக்கக் கூடிய கால்கள் மூடிய வீட்டுக்குள்ளேயே பழகிவிட்டன.

பிறகு வாடகை வந்தது. 2012இல் வெளிவந்த சி.எஸ்.6 தொகுப்போடு, ஒருமுறை விலை கொடுத்து என்றென்றும் வைத்துக்கொள்ளும் முறையை அடோபி முடித்துக்கொண்டு, 2013 மே மாதத்தில் இனிப் புதிய பதிப்புகள் சந்தா வழியில் மட்டுமே கிடைக்கும் என்று அறிவித்தது. கருவிக்கு வாடகை வாங்குவதில் குற்றமில்லை. ஏரையும் வண்டியையும் வாடகைக்கு விட்ட நாடு இது. ஆனால் வாடகை ஏரால் உழுத நிலத்தின் விளைச்சல் ஏர்க்காரனின் களஞ்சியத்தில் பூட்டிக்கிடந்ததில்லை. ஒரு நிரலின் சொந்தக் கோப்பு வடிவத்தில் சேமிக்கப்பட்ட வடிவமைப்பு, வடிவமைத்தவரின் உழைப்பே ஆயினும், சந்தா நின்ற மறுநாள் அவராலேயே முழுமையாகத் திறந்து திருத்த முடியாததாகிவிடுகிறது. பத்தாண்டு உழைப்பு பிறர் பூட்டுக்குள் இருக்கிறது. இதற்கு எந்த அறநூலிலும் நேரான பெயர் இல்லை எனினும், கொடுக்கப்படாததை எடுத்தல் என்னும் அதே இலக்கணத்தை இம்முறை விற்பவர் பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டிய இடம் இது. ஆண்டுச் சந்தாவை இடையில் நிறுத்துவோரிடம் வாங்கும் கட்டணத்தைத் தெளிவாகக் காட்டாமல் மறைத்தது என்று குற்றஞ்சாட்டி, அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024 ஜூனில் அதே நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அளவையில் ஏமாற்றுதலைப் பற்றிய அதிசாரம் சிறு கடைக்காரருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று.

நிறுவனங்களே இலவசமாகத் தருபவற்றையும் இவ்வரிசையில் வைத்து எண்ண வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2013இல் வெளிவந்த கேன்வா என்னும் வடிவமைப்பு மென்பொருள், அடிப்படை வசதிகளை இலவசமாகத் தந்து மேல்வசதிகளுக்குப் பணம் கேட்கிறது. 2024இல் அந்நிறுவனம் வாங்கிய அஃபினிட்டி என்னும் தொழில்முறை மென்பொருள் 2025 அக்டோபர் முதல் விலையின்றிக் கிடைக்கிறது. இவை உரியவரால் கொடுக்கப்பட்டவை ஆகையால் களவு என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் இவை கொடையா என்பது வேறு வினா. திருக்குறளின் ஈகை அதிகாரம் ஏழைக்குக் கொடுப்பதை மட்டுமே ஈகை என்று ஒப்புக்கொண்டு, மற்றக் கொடுத்தல்களைக் குறியெதிர்ப்பை என்னும் சொல்லால் வேறுபடுத்துகிறது. குறியெதிர்ப்பையாவது, அளந்து வாங்கிய அரிசியை அதே அளவில் திருப்பித் தருவதாக வாங்கும் கடன். இலவசமாகத் தரும் நிறுவனமும் பயனரின் கணக்கையும் பழக்கத்தையும் நாளைய சந்தாவையும் எண்ணியே தருகிறது. அதில் இழிவு ஒன்றுமில்லை. குறியெதிர்ப்பை நேர்மையான கொடுக்கல் வாங்கலே. அதனைக் கொடை என்று மயங்கித் தம் கடையின் அனைத்துக் கோப்புகளையும் அங்கே கொண்டுபோய் வைப்பவர், திருப்பி அளக்க வேண்டிய படி எவ்வளவு பெரியது என்று கேளாமல் அரிசி வாங்கியவர் ஆகிறார்.

அறம் தெளிவாக இருப்பதால் தொழில் எளிதாகிவிடுவதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. அச்சுக்கு வேண்டியது நான்கு வண்ணப் பிரிப்பு, அதாவது ஒரு படத்தைச் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளாகப் பிரித்துத் தரும் முறை. இங்க்ஸ்கேப் திரைக்குரிய மூவண்ண முறையிலேயே இயங்குவதால், அதில் வரைந்ததை ஸ்கிரைபஸுக்குள் கொண்டுவந்து பி.டி.எஃப். கோப்பாக்கும் சுற்றுவழி தேவைப்படுகிறது. பிளேட் எடுத்துத் தரும் கடை கோரல் கோப்பைத்தான் கேட்கும் என்றால் விளக்கமும் பொறுமையும் வேண்டும். தமிழ் எழுத்தின் நிலையும் ஒரு தடையாக இருந்தது. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்த பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் பழைய நிரல்களில் ஓடின. ஒருங்குறியில், அதாவது உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் தரும் முறையில், தட்டிய தமிழைப் பேஜ்மேக்கர் அறியாது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்ற பிறகும் அச்சகங்கள் பழைய எழுத்துருவை விடாததற்கு இதுவே காரணம். கொம்பும் காலும் உரிய இடத்தில் அமையும்படி இந்திய எழுத்துகளைக் கையாளும் ஆற்றல் ஸ்கிரைபஸின் நிலையான பதிப்புக்கு 2024 தொடக்கத்தில் வெளிவந்த 1.6 வழியாகத்தான் வந்தது. இவ்வளவு இடர்களுக்கு இடையிலும், கேரளத்தின் ஜனயுகம் நாளிதழ் 2019இலேயே தன் பக்கங்களை ஸ்கிரைபஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப் ஆகியவற்றில் அமைக்கத் தொடங்கியது. நாள்தோறும் குறித்த நேரத்தில் வெளிவந்தே தீரவேண்டிய ஒரு பத்திரிகையால் முடிந்ததை, முகூர்த்த நாளுக்கு ஒரு வாரம் முன்னதாக அழைப்பிதழ் கொடுத்தால் போதும் என்றிருக்கும் கடையால் முடியாது என்று சொல்வது கடினம். முழுதும் மாற இயலாதவர் மாதச் சந்தா கட்டியோ, விற்பனைக்குள்ள ஒரு பதிப்பை வாங்கியோ நேர்வழியில் நிற்கலாம்; அணுவிரதம் என்ற கருத்தே, இயன்ற அளவிலிருந்து தொடங்குவதற்கு மதிப்பளித்ததால் தோன்றியது.

இவ்வாராய்ச்சி முழுவதும் உரிமையாளரை நோக்கியே நடந்தது. திரையின் முன் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் அவரல்லர். மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் வடிவமைப்பாளர், தாம் போடாத நிரலில், தாம் அறியாத உரிமத்தின் கீழ், மாலைக்குள் முடிக்க வேண்டிய நோட்டீஸை முடித்துக்கொண்டிருக்கிறார். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என்று சமணர் வினையை மூன்றாகப் பகுப்பர். பூட்டுடைத்த நிரலைப் போடச் சொன்ன உரிமையாளர் இரண்டாம் வகையிலும், போட்டுத் தந்தவர் முதல் வகையிலும் நிற்க, இவர் மூன்றாம் வகையில் நிற்கிறாரா என்பது அவருக்கு மறுக்கும் நிலை இருந்ததா என்பதைப் பொறுத்தது. கற்ற நிரல் அது ஒன்றே, அடுத்த கடையிலும் அதே நிரல், மறுத்தால் வேலை இல்லை என்னும் நிலையில் உள்ளவரின் மௌனத்தை உடன்பாடு என்று கணக்கில் எழுதுவது கொடுமை. அவருடைய பங்கும் சேர்ந்தே உரிமையாளரின் கணக்கில் ஏறுகிறது. ஆகவே எந்த மென்பொருள் என்று முடிவுசெய்யும் நாளில் உரிமையாளர் தமக்காக மட்டும் முடிவுசெய்வதில்லை. புதிய நிரலைக் கற்பதற்கு அந்த வடிவமைப்பாளருக்குச் சம்பளத்தோடு இரண்டு மாதம் விட்டுக்கொடுக்க அவர் அணியமாக இருக்கிறாரா என்பதும் அம்முடிவுக்குள் அடங்கியிருக்கிறது.